ஹைட்ரோலிக்ஸ் ஆய்வுகூடத்துக்குள் முதல் தடவை போகிறவர்களுக்கு

கிளிநொச்சி அறிவியல் நகருக்கு எஞ்சினியரிங் படிக்க வரும் தம்பி, தங்கச்சிமாரில் கணிசமானவர்கள் குளத்துக்கட்டில் ஏறி இறங்கி வளர்ந்தவர்கள். துருசு (குளத்து மதகு) திறந்தால் வாய்க்கால் எப்படிச் சீறும், குளம் நிரம்பி வான் பாய்ந்தால் எந்த வீதி முதலில் மறியும், வாய்க்கால் கடைசியில் வயல் வைத்திருப்பவர் ஏன் எப்போதும் சண்டைக்கு நிற்பார் என்பதெல்லாம் அவர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தெரியாதது ஒன்றுதான், அந்தத் தண்ணீர் செக்கனுக்கு எத்தனை லீற்றர் என்பது. ஆய்வுகூடம் இருப்பது அதற்காக. பேணூலி என்ற விஞ்ஞானி 1738 இல் தண்ணீரின் ஓட்டத்தைப் பற்றி எழுதிவைத்ததைச் சரிபார்த்துக் கொடுக்க உங்களை அங்கே யாரும் கூப்பிடவில்லை. தண்ணீரை அளக்கப் பழகவும், அளந்ததும் கணக்கும் ஒத்துவராதபோது ஏன் என்று கண்டுபிடிக்கவும்தான் போகிறீர்கள்.

வேறு இடங்களில் படிக்கிறவர்களுக்கும் இதில் பெரும்பாலானது பொருந்தும். ஆய்வுகூடப் பெஞ்சின் நிறம் மாறலாம், தண்ணீர் ஒன்றுதான்.

முதல் நாள் இரவு

பரிசோதனைத் தாளை முதல் நாளே வாசியுங்கள். எல்லோரும் சொல்வதுதான், ஆனால் வாசிப்பது என்றால் கண்ணால் ஓட்டுவது இல்லை. தாளில் உள்ள சமன்பாட்டில் ஒரு எண்ணைப் போட்டு விடை எடுத்துக்கொண்டு போக வேண்டும். உதாரணத்துக்கு 90 பாகை வி வெட்டு, அதாவது தண்ணீர் வழிந்து போகத் தகட்டில் V வடிவில் வெட்டிய வாய். வெட்டின் அடிமுனைக்கு மேல் தண்ணீர் நிற்கும் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதை 2.5 ஆம் அடுக்குக்கு உயர்த்தி, 1.38 ஆல் பெருக்கினால் செக்கனுக்கு எத்தனை கனமீற்றர் என்று கிட்டத்தட்ட வந்துவிடும். 5 செ.மீ. உயரத்துக்குப் போட்டுப் பாருங்கள், செக்கனுக்கு 0.77 லீற்றர். இந்த ஒரு எண் கையில் இருந்தால் அடுத்த நாள் பெஞ்சில் 7.7 என்றோ 0.077 என்றோ வரும்போது அந்த இடத்திலேயே பிடித்துவிடலாம். இல்லாவிட்டால் விடுதிக்கு வந்து இரவு பதினொரு மணிக்கு மி.மீ.யை மீற்றராக மாற்றாமல் விட்டதைத் தேடிக்கொண்டிருப்பீர்கள், அப்போது பெஞ்சில் தண்ணீர் ஓடாது.

அட்டவணையையும் அலகுகளோடு கீறிக்கொண்டு போங்கள். ஒரு நிரல் கூடுதலாக விடுங்கள், 'கவனித்தவை' என்று. அந்த நிரல்தான் ரிப்போர்ட் எழுதும்போது கைகொடுக்கும்.

வட்ஸ்அப் குழுவில் சீனியர்களின் பழைய ரிப்போர்ட் எப்படியும் வரும். வாசியுங்கள், தப்பில்லை. ஆனால் அதில் உள்ள வாசிப்புகளை எடுக்க வேண்டாம். சோம்பலுக்கு வேறு எத்தனையோ பாடங்கள் இருக்கின்றன.

உடுப்பு விடயம் இரண்டு வரிதான். செருப்பு வேண்டாம், நிலம் எப்போதும் ஈரம். பம் ஓடும் இடத்தில் ஈரக் கையால் சுவிட்சைத் தொட வேண்டாம், நிறுத்த வேண்டும் என்றால் கையைத் துடைத்துவிட்டு நிறுத்துங்கள்.

பெஞ்சும் கடிகாரமும்

ஹைட்ரோலிக் பெஞ்ச் என்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. கீழே ஒரு தாங்கி, அதில் ஒரு பம், மேலே அளவுத் தாங்கி, பக்கத்தில் லீற்றர் கோடு போட்ட குழாய். அடைப்பைப் போட்டால் மேலே தண்ணீர் ஏறும், எத்தனை லீற்றர் எத்தனை செக்கனில் ஏறியது என்று பார்த்து வகுப்பீர்கள். எல்லாப் பரிசோதனைக்கும் அடித்தளம் இந்த ஒரு அளவுதான். இது பிழைத்தால் மேலே கட்டுவது எல்லாம் பிழை.

எங்கே பிழைக்கும்? கடிகாரத்தில். கண் பார்த்து விரல் அமுக்க ஏறக்குறைய 0.2 செக்கன் போகும், தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் சேர்த்தால் 0.3 வரைக்கும் வழு வரலாம். செக்கனுக்கு 0.77 லீற்றர் ஓடும்போது 5 லீற்றர் மட்டும் பிடித்தால் ஆறரைச் செக்கன்தான், அதில் 0.3 என்பது நூற்றுக்கு நாலரைக்கு மேல். அதே ஓட்டத்தில் 30 லீற்றர் பிடித்தால் 39 செக்கன், வழு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. கூடுதல் அரை நிமிடம் நின்றால் கிடைக்கிற லாபம் இது. நேரம் போகிறது என்று பின்னால் நிற்கும் குழு முணுமுணுக்கும், விடுங்கள்.

இன்னொன்று, அடைப்பைப் போட்ட கையோடு கடிகாரத்தை அமுக்க வேண்டாம். முதலில் தண்ணீர் அடியில் குழம்பும், குழாயில் மட்டம் ஏறி இறங்கும். மட்டம் ஒரு கோட்டைத் தாண்டி அமைதியாக ஏறத் தொடங்கிய பிறகு, ஏதாவது ஒரு முழு எண்ணில் தொடங்கி இன்னொரு முழு எண்ணில் நிறுத்துங்கள். வால்வைத் திருப்பினால் உடனே வாசிக்கவும் வேண்டாம், எல்லா மட்டமும் அடங்க ஒன்றிரண்டு நிமிடம் கொடுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் மூன்று தடவை எடுங்கள். மூன்றும் ஒத்துவந்தால் நல்லது, ஒன்று மட்டும் தள்ளி நின்றால் அதை அழிக்காமல் பக்கத்தில் குறித்துவிட்டு நான்காவதை எடுங்கள்.

மனோமானியில் காற்றுக் குமிழி

வென்சூரி (நடுவில் ஒடுங்கிய குழாய்), பேணூலி, குழாய் உராய்வு ஆகிய மூன்று பரிசோதனையிலும் ஆளைக் கவிழ்ப்பது ஒரே சாமான்தான், மனோமானிக்குள், அதாவது அமுக்கத்தைத் தண்ணீர் மட்டமாகக் காட்டும் குழாய்க்குள், மாட்டிக்கொண்ட காற்று. ஒரு குமிழி இருந்தால் அந்தக் குழாயின் மட்டம் பொய் சொல்லும், அதுவும் ஒவ்வொரு தடவையும் ஒரே பொய்யைச் சொல்லும், அதனால் திரும்பத் திரும்ப எடுத்தாலும் பிடிபடாது.

வழி இதுதான். முதலில் நல்ல ஓட்டத்தைக் கொடுத்து எல்லா இணைப்புக் குழாயையும் கழுவ விடுங்கள். பிளாஸ்டிக் குழாயை விரலால் தட்டிக்கொண்டே கீழிருந்து மேலே வாருங்கள், குமிழி நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். பிறகு வெளிவரும் வால்வை முழுதாக மூடி ஓட்டத்தை நிறுத்துங்கள், உள்ளே தண்ணீர் நிறைந்தபடியே நிற்க வேண்டும். இப்போது எல்லாக் குழாயிலும் மட்டம் ஒன்றாக நிற்க வேண்டும். நின்றால் வேலையைத் தொடங்கலாம். ஒன்று மட்டும் 4 மி.மீ. உயர்ந்து நின்றால் உள்ளே காற்று இருக்கிறது, அல்லது உபகரணம் சரிந்து நிற்கிறது. ஆய்வுகூடத்து அண்ணையைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அவர் கண்ட குமிழிகளின் எண்ணிக்கை நம் விரிவுரையாளர்கள் கண்டதைவிடக் கூட. இந்த ஓட்டம் நிறுத்திய சோதனையைச் செய்யாமல் எடுத்த வென்சூரி வாசிப்பை நான் நம்ப மாட்டேன்.

வெட்டும் துளையும், அதாவது வானும் துருசும்

இந்த இரண்டையும் சேர்த்துப் படியுங்கள், தனித்தனியாகப் படித்தால் பாதிச் சுவை போய்விடும்.

வி வெட்டில் உயரம் 2.5 ஆம் அடுக்கில் வருகிறது. அதன் பொருள், உயரத்தில் வரும் வழு ஓட்டத்தில் இரண்டரை மடங்காகும். 5 செ.மீ. உயரத்தில் 1 மி.மீ. பிழைத்தால் உயரத்தில் நூற்றுக்கு 2, ஓட்டத்தில் நூற்றுக்கு 5. 2 செ.மீ. உயரத்தில் அதே 1 மி.மீ. பிழைத்தால் ஓட்டத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. ஆகவே இந்தப் பரிசோதனையின் உயிர் பூச்சிய வாசிப்பில் இருக்கிறது. வழக்கமாக என்ன செய்வோம், தாங்கியை நிரப்பி, வெட்டால் வழியவிட்டு, பம்மை நிறுத்தி, சொட்டி நின்றதும் அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று எடுப்போம். ஆனால் மட்டம் வெட்டின் அடிமுனைக்கு இறங்கும் முன்பே சொட்டுவது நின்றுவிடும். மேற்பரப்பு இழுவிசை அதைக் கொஞ்சம் மேலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் வெட்டின் வாயில் தண்ணீர் வீங்கி நிற்பது தெரியும். அந்த வீக்கம் ஒரு மி.மீ. அளவுக்கு உங்களை ஏமாற்றப் போதும். மட்டம் பார்க்கும் அளவியின் நுனியை அடிமுனையோடு நேரே ஒப்பிட வழி இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் அதைச் செய்யுங்கள்.

அளவியை வெட்டுக்குக் கிட்ட வைக்க வேண்டாம். அங்கே தண்ணீர் ஏற்கெனவே கீழே வளையத் தொடங்கிவிடும். உயரத்தைப்போல நான்கு மடங்கு தள்ளிப் பின்னால் வையுங்கள். மிகக் குறைந்த ஓட்டத்தில் தண்ணீர் தகட்டை விட்டுப் பாயாமல் தகட்டோடு ஒட்டி வழியும், அந்த வாசிப்பைச் சமன்பாட்டோடு ஒப்பிட்டுப் பயனில்லை, ஒட்டி வழிந்தது என்று 'கவனித்தவை' நிரலில் எழுதுங்கள்.

வரைபு கீறும்போது இரண்டு பக்கமும் மடக்கை எடுத்துக் கீறினால் நேர்கோடு வரும், படித்திறன் 2.5 க்குக் கிட்ட நிற்க வேண்டும். மேற்பகுதி நேராகவும் கீழ்ப்பகுதி வளைந்தும் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பூச்சியத்தை. பூச்சிய வழு சின்ன உயரங்களைத்தான் கூடுதலாகக் கெடுக்கும்.

சரி, துளைக்கு வருவோம். தாங்கியின் அடியில் அல்லது பக்கத்தில் வட்டத் துளை, அதற்கு மேல் நிற்கும் தண்ணீரின் உயரம். இங்கே ஓட்டம் உயரத்தின் வர்க்கமூலத்தோடுதான் ஏறும். உயரம் நான்கு மடங்கானால் ஓட்டம் இரண்டு மடங்கு, அவ்வளவுதான்.

இப்போது இரண்டையும் குளத்தில் வைத்துப் பாருங்கள். வான் ஒரு வெட்டு, துருசு ஒரு துளை. கதவில்லாத வானுக்கு மேலால் 1 அடி பாய்ந்த தண்ணீர் 2 அடியானால், செவ்வக வெட்டுக்கு அடுக்கு 1.5 என்பதால் ஓட்டம் 2.8 மடங்காகும். மழை இரவில் குளத்தில் மட்டம் கொஞ்சம் ஏறியதுபோல் இருக்க, கீழே உள்ள கிராமத்துக்குள் தண்ணீர் ஒரேயடியாக வருவது இதனால். துருசில் கதை மறுபக்கம். அதற்கு மேல் 24 அடி நின்ற தண்ணீர் 6 அடிக்கு இறங்கினால், அதே திறப்பில் ஓட்டம் பாதிதான் குறையும், கால்வாசிக்கு விழாது. சிறுபோகத்தில் குளம் வற்ற வற்ற வாய்க்காலில் தண்ணீர் மெல்ல மெல்லக் குறைவதும், அதே அளவு தண்ணீர் கொடுக்கக் கதவை இன்னும் கொஞ்சம் உயர்த்த வேண்டி வருவதும் இந்த வர்க்கமூலத்தின் வேலை. மட்டத்தில் சின்ன மாற்றத்துக்கும் பெரிதாக அசைவது வெட்டு, அதனால்தான் அது அளவுகருவியாகவும் வெள்ளம் கடத்தும் வழியாகவும் உதவுகிறது. மட்டம் அசைந்தாலும் பெரிதாக அசையாதது துளை, அதனால்தான் வயலுக்குத் தண்ணீர் விடுவதற்கு அது தோது. இரணைமடுக் குளத்தில் 36 அடி, 35 அடி என்று நீர்மட்டத்தைச் செய்தியில் கேட்கும்போது இனி அந்த ஒரு அடிக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று யோசிப்பீர்கள். பெரிய அணைகளின் அடிவாரத்தில் கசிவுத் தண்ணீரை அளக்கவும் இதே வி வெட்டைத்தான் வைக்கிறார்கள், சின்ன ஓட்டத்துக்கு அதைவிட நம்பகமான எளிய சாமான் இல்லை.

துளையில் குணகம், அதாவது உண்மையில் வரும் ஓட்டம் கணக்கில் வரும் ஓட்டத்தின் எத்தனை பங்கு என்பது, 0.62 என்று புத்தகத்தில் இருக்கும். அது ஏன் 1 இல்லை என்று வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) கட்டாயம் கேட்பார்கள். துளையை விட்டு வெளியே வரும் தாரையைப் பக்கவாட்டில் பாருங்கள், துளையின் விட்டத்தில் பாதித் தூரத்துக்குள் அது ஒடுங்கிவிடும். பக்கங்களிலிருந்து ஓடிவந்த தண்ணீரால் கூர் விளிம்பில் சட்டென்று திரும்ப முடியாது. ஒடுங்கிய இடத்தில் பரப்பு துளையின் 0.64 பங்கு அளவில் இருக்கும், வேகத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று போகும், இரண்டையும் பெருக்கினால் 0.62. உங்களுக்கு 0.8 வந்தால் பயப்படாமல் தகட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கூரான பக்கம் பின்னுக்குப் போய்ச் சரிவான பக்கம் தண்ணீரை எதிர்கொண்டால் தாரை அவ்வளவு ஒடுங்காது. 0.58 வந்தால் 0.58 என்று எழுதுங்கள். 0.62 க்குத் திருத்தி எழுதியவரை வைவாவில் இரண்டாவது கேள்வியிலேயே பிடித்துவிடுவார்கள், 0.58 ஐயும் அதன் காரணத்தையும் எழுதியவருக்குப் புள்ளி குறையாது.

ரெய்னோல்ட்சும் வன்னி வெயிலும்

1883 இல் ஒஸ்போர்ன் ரெய்னோல்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டுப் பார்த்த அதே பரிசோதனை. மெல்ல ஓடும்போது சாயம் நூல்போல நேராகப் போகும், வேகம் கூடினால் நெளியும், இன்னும் கூடினால் கலைந்து முழுக் குழாயும் நிறம் மாறும். வேகத்தையும் குழாயின் விட்டத்தையும் பெருக்கி, தண்ணீரின் பிசுக்குமையால் (ஓட்டத்துக்குத் தண்ணீரே காட்டும் தடையால்) வகுத்தால் வருவது ரெய்னோல்ட்ஸ் எண். அது 2000 வரை அமைதி, 4000 க்கு மேல் கொந்தளிப்பு, இடையில் இரண்டும்கெட்டான்.

நம் பக்கத்தில் இதில் ஒரு பொறி இருக்கிறது. பாடப்புத்தக அட்டவணைகள் பெரும்பாலும் 20 பாகை செல்சியசுக்கு. கிளிநொச்சியில் மதியம் தாங்கித் தண்ணீர் 30 பாகை இருக்கும். 20 இலிருந்து 30 க்குப் போனால் பிசுக்குமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும், ரெய்னோல்ட்ஸ் எண் நான்கில் ஒரு பங்கு கூடும். 10 மி.மீ. குழாயில் 2000 ஐத் தொட 20 பாகையில் செக்கனுக்கு 0.2 மீற்றர் வேகம் வேண்டும், 30 பாகையில் 0.16 போதும். ஆகவே தண்ணீருக்குள் வெப்பமானியைப் போட்டு வாசிப்பதுதான் முதல் வேலை. ஓட்டத்தை இங்கே பெஞ்சில் அளக்க முடியாது, 250 மி.லீ. அளவுச்சாடியைப் பிடியுங்கள், அந்த 0.16 வேகத்தில் நிரம்ப 20 செக்கன் எடுக்கும்.

பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனை சரிவராது. தாங்கியை நிரப்பிவிட்டு நன்றாக ஆறவிட வேண்டும். மேசையில் கை ஊன்ற வேண்டாம், பக்கத்துப் பம் ஓடினாலும் சாயக்கோடு நடுங்கும்.

குழாய், பம், ஃபுளூம்

குழாய் உராய்வில் சொல்ல நிறைய இல்லை. ஒரே ஓட்டத்தை விட்டம் பாதியான குழாயால் அனுப்பினால், கொந்தளிப்பான பாய்ச்சலில் உராய்வால் வரும் அமுக்க இழப்பு கிட்டத்தட்ட 32 மடங்காகும், ஐந்தாம் அடுக்கு. இரண்டு அங்குலப் பம்முக்கு ஒரு அங்குலக் குழாய் பூட்டிவிட்டுத் தோட்டத்தின் அந்தக் கரைக்குத் தண்ணீர் போகவில்லை என்று பம்மைத் திட்டும் ஐயாமாருக்கு இதை விளக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

மையநீக்கப் பம்மில் மூன்று விடயம். உள்ளே தண்ணீர் வார்த்து நிரப்பாமல் இயக்க வேண்டாம், காற்றைச் சுழற்றி அதனால் உறிஞ்ச முடியாது. வெளிவழி வால்வை மூடிக்கொண்டு தொடங்கி மெல்லத் திறவுங்கள், மோட்டருக்குச் சுமை குறையும். ஆனால் மூடியபடி நெடுநேரம் ஓடவிட்டால் உள்ளே தண்ணீர் சூடேறும். உறிஞ்சும் பக்க வால்வை நெரிக்கும்போது பம்முக்குள் சரளைக்கல் போட்டதுபோல் சத்தம் வந்தால் அது குழிவாதல், அமுக்கம் குறைந்து தண்ணீருக்குள் ஆவிக் குமிழிகள் தோன்றி உடைவது, உடனே திறந்துவிடுங்கள். வளிமண்டல அமுக்கம் 10.3 மீற்றருக்குத்தான் தண்ணீரைத் தூக்கும், நடைமுறையில் 6, 7 மீற்றரோடு சரி. ஆழக் கிணறுகளில் பம்மை உள்ளே தட்டுக் கட்டி இறக்கி வைப்பது ஏன் என்பது இதில் விளங்கும்.

ஃபுளூம் என்ற ஆய்வுகூட வாய்க்காலில் கதவுக்குக் கீழால் தண்ணீரை மெல்லிய படையாகச் சீறவிட்டு, கீழ்ப்பக்கத்தில் தடுத்தால் நடுவில் ஒரு சுவர்போல எழும்பி நிற்கும், அதுதான் நீர்த்தாவல் (hydraulic jump). 2 செ.மீ. ஆழத்தில் செக்கனுக்கு 1.77 மீற்றர் வேகத்தில், அதாவது புரூட் எண் 4 இல் (அந்த ஆழத்தில் சிற்றலை போகும் வேகத்தைப்போல நான்கு மடங்கில்) வந்தால், தாவலுக்குப் பிறகு ஆழம் 10 செ.மீ. தாண்டும், வந்த சக்தியில் நூற்றுக்கு 39 அந்த நுரையில் அழியும். ஆழத்தை நுரைக்குள் அளக்க வேண்டாம், கொந்தளிப்பு அடங்கிய இடத்தில் அளவுங்கள். வான்கதவு திறந்திருக்கும் காலத்தில் கீழே நுரைத்துக் கொதிப்பதும் இதே வேலைதான்: அங்கே சக்தியை அழிக்காவிட்டால் அது போகிற வழியில் ஆற்றுப்படுக்கையைத் தோண்டும். பார்ப்பதானால் மேலே பாலத்தில் நின்று பாருங்கள். கீழே இறங்கிப் படம் எடுக்கிற சோலி வேண்டாம்.

ரிப்போர்ட்

குழுவில் ஐந்து பேர் என்றால் ஒருவர் வால்வு, ஒருவர் கடிகாரம், ஒருவர் மட்டம், ஒருவர் எழுத்து, மற்றவர் அங்கேயே கல்குலேட்டரில் ஒவ்வொரு வாசிப்பையும் கணக்காக்க வேண்டும். கடைசி ஆள்தான் முக்கியம், பிழையைப் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே பிடிப்பவர் அவர். அடுத்த பரிசோதனையில் ஆட்களை மாற்றுங்கள், இல்லாவிட்டால் நான்கு வருடமும் ஒருவரே கடிகாரம் பிடித்துக்கொண்டிருப்பார்.

'வழுக்கள்' என்ற பகுதியில் 'மனித வழு, கருவி வழு' என்று எழுதி முடிக்க வேண்டாம். எந்த அளவில், எத்தனை மி.மீ., அது விடையை நூற்றுக்கு எத்தனை அசைத்தது என்று எழுதுங்கள். மேலே கடிகாரத்துக்கும் வெட்டுக்கும் போட்ட கணக்கு அப்படியே மாதிரிக்கு எடுக்கலாம்.

ஆய்வுகூட நாள் தள்ளிப்போனால் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். பக்கம் நேரான ஒன்றரை லீற்றர் போத்தல், அடிப்பக்கத்துக்குக் கொஞ்சம் மேலே 3 மி.மீ. துளை, மூடி கழற்றி இருக்க வேண்டும். துளையின் நடுவிலிருந்து 16, 9, 4, 1 செ.மீ. உயரங்களில் மார்க்கரால் கோடு கீறி, விரலால் துளையை அடைத்துத் தண்ணீர் நிரப்பி விடுங்கள். 16 இலிருந்து 9 வரை 7 செ.மீ., 9 இலிருந்து 4 வரை 5, 4 இலிருந்து 1 வரை 3. தூரங்கள் வேறு, ஆனால் வர்க்கமூலங்கள் 4, 3, 2, 1 என்று இறங்குவதால் மூன்றுக்கும் நேரம் ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்தை ஒட்டி வர வேண்டும். முதல் இரண்டும் நன்றாக ஒத்துவரும். மூன்றாவது கொஞ்சம் இழுத்தால், அந்தக் கட்டத்தில் தாரை எப்படி வருகிறது, துளை விளிம்பில் தண்ணீர் ஒட்டத் தொடங்குகிறதா என்று குனிந்து பார்த்து எழுதிவையுங்கள், அடுத்த வாரம் துளைப் பரிசோதனைக்குப் போகும்போது அது உதவும்.